தேக்கு மாமாவின் காயாத தரை

சென்னை மாநகரத்தில் தன் வீட்டுத் தரைக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் தேக்கு மாமாதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மாமியாருக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு, கரப்பான்பூச்சிக்கு, செல்போனில் வரும் தெரியாத நம்பருக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்குமுன் ஒருமுறை குனிந்து பார்த்து, தரைக்குச் சம்மதம்தானா என்று தெரிந்துகொண்ட பிறகு காலை ஊன்றுகிற மனிதரை வேறெங்கும் பார்த்ததில்லை.

வேளச்சேரிக்குக் குடிவருமுன் நான் ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தேன். எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் மாமா. பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டடம் முழுக்க மொசைக் தரையாக இருக்க, அவர் வீட்டில் மட்டும் தேக்குப் பலகைத் தரை. அதனால் தேக்கு மாமா.

அந்தத் தரைக்குக் காரணம் நார்வேயில் இருந்த அவர் மகன். ஊர் திரும்பி அப்பாவோடு தங்கும்போது அங்கே இருக்கிற வீடு மாதிரியே இங்கேயும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆள் வைத்து, வீடு முழுக்கப் பலகை பதித்தான். வார்னிஷ் கிடையாது. எண்ணெய் குடித்து வாழ்கிற தரை. அந்த எண்ணெயும் டின் டின்னாக நார்வேயிலிருந்து வரும். தரை வந்தது, எண்ணெய் வந்தது, மகன் மட்டும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமி காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆக அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது இரண்டே பேர், மாமாவும் தரையும்.

தரையின் சட்டதிட்டங்கள் பொல்லாதவை. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஈரத்துணி போடலாம், ஆனால் துணியை மறுபடி பிழிந்தால் ஒரு சொட்டு வரக் கூடாது. பினாயில் கூடாது. கோலம் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். பலகையின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே பெருக்க வேண்டும். குறுக்கே பெருக்கினால் மாமா துடைப்பத்தைப் பிடுங்கிவிடுவார்.

அவர் வீட்டிலும் என் வீட்டிலும் வேலை செய்தவள் மல்லிகா. ஆற்றோரத்தில் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தவள். முதல் நாள் பக்கெட் தண்ணீரோடு அவள் மாமா வீட்டு ஹாலில் நுழைந்தபோது, மாமா குறுக்கே விழுந்து படுக்காத குறைதான்.

"தண்ணியக் கண்டா பயப்படற தரைய இப்பத்தான் சார் பாக்கறேன்" என்று என்னிடம் வந்து புலம்பினாள். "மெட்ராஸ்ல வந்து இத்த இன்னாத்துக்கு சார் போட்டாங்க? பூனைக்குட்டி மாரி கீது."

செருப்பைக் கழற்றிவிட்டால் உள்ளே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கம்பளிக் காலுறைகள் இருக்கும். அவையும் மகன் அனுப்பியவைதான். வெறுங்கால் வியர்வை பலகையில் தடமாக விழுந்துவிடும் என்பது மாமாவின் கட்சி. சென்னை அக்கினி நட்சத்திரத்தில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வதைவிட மாமா வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று கட்டடமே முடிவுசெய்தது. நானும்தான். எதுவானாலும் அவர் வாசலில் நின்று பேசிவிட்டு இறங்கிவிடுவேன்.

தப்ப முடியாதவர் கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் ஒருவர்தான். சிலிண்டரை உருட்டக் கூடாது என்பதால் பழைய மெத்தையை விரித்து, அதன்மேல் சிலிண்டரைக் கிடத்தி, அந்த ஆள் ஒரு முனையும் மாமா ஒரு முனையுமாகப் பிடித்துச் சமையலறைக்குத் தூக்கிப்போவார்கள்.

"யோவ் பெரியவரே, எம் பொண்டாட்டிய பிரசவத்துக்குக் கூட இவ்ளோ பதமா இட்டுக்கினு போனதில்லயா" என்று சொல்லிக்கொண்டே அந்த ஆள் படி இறங்குவார். சில நாள் கம்பளிக் காலுறையோடேயே இறங்கிவிடுவார்.

மாமாவின் அப்பாவுக்குத் திவசம் வரும். நெருப்பு, நெய், எள்ளு, தண்ணீர் இத்தனையும் அந்தத் தரையின்மேல் நடக்கிற காரியமா? மாமா கீழே கார் நிறுத்துமிடத்தில் ஏற்பாடு செய்துவிட்டார். சாஸ்திரிகள் ஒரு பக்கம் காரையும் மறுபக்கம் ஸ்கூட்டரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஓய், உம்ம தோப்பனார் நேரா மூணாம் மாடிக்குப் போய்க் காத்துண்டிருந்தார்னா என்ன பண்ணுவீர்?"

"காலுறை இல்லாம உள்ள போகமாட்டார். அவருக்கும் தெரியும்" என்றார் மாமா, சிரிக்காமல்.

எண்ணெய் போடுகிற நாள்தான் திருவிழா. ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை என்பதால் தரைக்கும் சனிக்கிழமை. பூமாதேவி பெண்ணாயிற்றே, வெள்ளிக்கிழமையல்லவா தேய்க்க வேண்டும் என்று முதல் மாடிக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார். தேக்கு ஆண்மரம் என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார். முதலில் பெருக்கி, பிழிந்த துணியால் துடைத்து, காயவிடுவார். பிறகு டின்னிலிருந்து ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மண்டிபோட்டு, ரேகையோடு தேய்த்து, மிச்ச எண்ணெயை ஒற்றியெடுத்து, உள்மூலையிலிருந்து பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்துசேர்வார்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப்போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்று டின்னில் எச்சரிக்கை இருந்ததாம். மாமா அவற்றை மொட்டைமாடிக் கொடியில் விரித்துப்போட்டு, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு நாற்காலியுமாகக் காவல் இருப்பார்.

"துணி எங்கயும் ஓடிடாது மாமா" என்றேன் ஒருநாள்.

"ஓடாது சார். எரியும்."

தரை காய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்காரரும்தான். அப்போதுதான் என் வீட்டு மணி அடிக்கும். கையில் தலையணை, கக்கத்தில் ஃப்ளாஸ்க், தோளில் துண்டு.

"சார், எங்காத்துல தரை காயலை. உங்காத்துல சித்த உக்காந்துக்கட்டுமா?"

நானும் தனிக்கட்டைதான். எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அது சண்டை சச்சரவில்லாமல் அண்ணா நகரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆள் வந்தால் எரிச்சல் வரும், வராவிட்டால் அதைவிட எரிச்சல் வரும். மாமா வந்தால் முதல் வேலையாக என் காபிப் பொடியைத் திட்டுவார். பிறகு அதிலேயே நல்ல காபி போட்டுக் கொடுப்பார். என் மொசைக்கைப் பார்த்து, "இதுக்கு உயிரே இல்லை சார், பாவம்" என்பார். அவ்வப்போது மேலே போய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் காயலை" என்று அறிவிப்பார். சாப்பிட்டு, பேசி, ராத்திரி என் ஹாலிலேயே படுத்து, காலையில் தரை காய்ந்த சேதி தெரிந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அடுத்த எண்ணெய் வரைக்கும் வரமாட்டார். மாடிப்படியில் பார்த்தால்கூட ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

"சும்மாவும் வரலாமே மாமா" என்று சொல்லிப்பார்த்தேன்.

"காரணமில்லாம ஒருத்தராத்துல போய் உக்காரப்படாது சார். எப்ப எழுந்து போவான்னு அவா நம்மளப் பாப்பா. எப்ப எழுந்துக்கறதுன்னு நாம அவாளப் பாக்கணும். காரணம்னு ஒண்ணு இருந்தா, அது தீர்ந்ததும் கௌரவமா எழுந்து வந்துடலாம்."

இது மாமாவின் கொள்கை. அந்தத் தரை ஒன்றுதான் அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவைத்தது. மற்ற நாட்களில் மேலேயிருந்து ஒரு சத்தமும் கேட்காது. காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறவர் என்ன சத்தம் எழுப்பிவிட முடியும்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகனின் வீடியோ அழைப்பு வரும். "தரையக் காட்டுப்பா" என்பான் அவன். மாமா போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பார். முழு அழைப்பிலும் மகன் பார்ப்பது பலகையைத்தான், அப்பாவின் முகத்தை இல்லை. இதை மல்லிகா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் எழுத்து ஓடவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் நார்வே டின் வந்துசேரவில்லை. வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. பழைய டின் காலி. மாமா தாகமெடுத்த மாட்டைப் பார்ப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நடமாடினார். மல்லிகாவுக்கு மனசு பொறுக்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாமா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சமையலறையில் பண்டிகைக்காக வாங்கிவைத்திருந்த நல்லெண்ணெய் முழுவதையும் எடுத்து, லேசாகக் காய்ச்சி, நாலு மிளகும் போட்டு, ஹால் முழுக்கத் தேய்த்துவிட்டாள்.

மாமா திரும்பி வந்தபோது நானும் படியில் இருந்தேன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தரை, கல்யாணத்துக்கு எண்ணெய் வைத்த தலை மாதிரி மின்னியது.

"ஊரே நாளிக்கு எண்ணெ தேச்சிக்கினு குளிக்கப் போவுது. உன் தரை மட்டும் இன்னா மாமா பாவம் பண்ணிச்சு?" என்றாள் மல்லிகா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

மாமா தரையைப் பார்த்தார், மறுபடி அந்த முகத்தைப் பார்த்தார். "நன்னாருக்கும்மா" என்றார்.

நல்லெண்ணெய் காயாது. இது பஜ்ஜிச் சட்டி கழுவிய எல்லோருக்கும் தெரியும். ஆளிவிதை எண்ணெய் மரத்தில் ஊறி இறுகும். நல்லெண்ணெய் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சம்பந்தி வீட்டார் மாதிரி. மறுநாள் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் தலையணையோடு மாமா.

"கங்கா ஸ்நானம் ஆச்சா சார்? எங்காத்துல தரைக்கே ஆயிடுத்து."

அந்தத் தீபாவளி மாதிரி ஒரு தீபாவளியை நான் பார்த்ததில்லை. தரை காயவே இல்லை. மாமா அன்றைக்கும் இருந்தார், மறுநாளும் இருந்தார், அதற்கடுத்த நாளும் இருந்தார். முதல் மாடிக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு. தரைத்தளத்தில் துணி வியாபாரம் செய்யும் பாய் வீட்டில் சாயங்காலம் கேரம்போர்டு. மாமா சிவப்புக் காயைப் போட்டுவிட்டுக் கத்திய கத்தலில் தெரு நாய்கள் எழுந்து நின்றன. ராத்திரி என் ஹாலில் படுத்துக்கொண்டு, தான் வேலை பார்த்த காலத்துக் கதைகளை இருட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால் அடுத்த கதை வரும். வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாமாவின் எண்ணெய் நாட்கள் அடிக்கடி வர ஆரம்பித்தன. வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று இருந்தது மாதாமாதம் ஆயிற்று. ஒருமுறை எண்ணெய் போட்டால் வாரம் ஓடிவிடும். "இந்த வருஷம் காத்துல ஈரம் ஜாஸ்தி சார்" என்பார். கோடையிலும் அதையேதான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். மொட்டைமாடியில் துணிக்காவல் நின்றுபோயிருந்ததை மட்டும் கவனித்தேன். துணிகளெல்லாம் சுருண்டு ஒரு மூலையில் கிடந்தன.

விஷயம் தெரிந்தது மந்தைவெளியில் ஒரு செக்கு எண்ணெய்க் கடையில். இட்லிப் பொடிக்கு எண்ணெய் வாங்கப் போனவனிடம் கடைக்காரர் பேச்சுக்கொடுத்தார்.

"உங்க பில்டிங்லதான மூணாவது மாடி மாமா கீறாரு? மாசா மாசம் கேன்ல நல்லெண்ணெ வாங்கிக்கினு போறாரு சார். வூட்ல நெறைய ஜனமோ?"

"ஆமா, பெரிய குடும்பம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவைக் கேட்டேன். நார்வே டின் எப்போதோ வந்துவிட்டதாம். பரணில் சீல் உடைக்காமல் இருக்கிறதாம்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும் சார். எறும்பு வந்துச்சுல்ல. நாந்தான் துணியால தட்டி வுட்டுக்கினு கீறேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை முறைத்தாள். "நீ ஒண்ணும் கேட்டுவெக்காத சார். அது சந்தோசமா கீது."

நான் கேட்கவில்லை. அடுத்த முறை மணி அடித்து, "சார், எங்காத்துல தரை காயலை" என்று கேட்டபோது, "எப்படிக் காயும் மாமா, இந்த ஈரத்துல?" என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆனால் தரைக்கும் பொறுமைக்கு ஓர் அளவு இருக்கிறதல்லவா? எண்ணெய் சிக்குவாடை அடிக்க ஆரம்பித்தது. தூசி ஒட்டிப் பலகை கறுத்தது. வீடியோவில் பளபளப்பு மட்டும்தான் தெரியும், வாடை தெரியாது. ஒரு கோடை விடுமுறைக்கு மகன் நேரிலேயே வந்துவிட்டான். நல்ல பையன், அவனைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினான். காலுறை போட்டுக்கொண்டு உள்ளே போனான். காலுறை தரையோடு நின்றுவிட, கால் மட்டும் வெளியே வந்தது.

"அப்பாவால பாத்துக்க முடியல சார். நான்தான் யோசிக்காம இத அவர் தலையில கட்டிட்டேன்" என்று என்னிடம் கண்கலங்கினான். பலகையைப் பெயர்த்தெடுத்துவிட்டு டைல்ஸ் போடச் சொன்னான். வேலை நடந்தபோது அவன் ஓட்டலில் தங்கினான். மாமா என் வீட்டில்தான். அந்த நாட்களில் அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை. மேலே பலகையைப் பெயர்க்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். கிளம்புகிற அன்றைக்கு மகன், "இனிமே உனக்கு ஒரு வேலையும் இல்லப்பா. சும்மா நிம்மதியா இரு" என்றான்.

வெள்ளை வெளேரென்று டைல்ஸ். எண்ணெய் வேண்டாம், ரேகை பார்க்க வேண்டாம், காவல் வேண்டாம். மாமா தலையணையை எடுத்துக்கொண்டு மேலே போனார். அதற்கப்புறம் வரவே இல்லை.

சனிக்கிழமைகள் வந்தன, போயின. மணி அடிக்கும், ஓடிப்போய்த் திறப்பேன், கொரியர் நிற்கும். ஒருநாள் கேட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். இளைத்திருந்தார்.

"வாங்களேன் மாமா, காபி சாப்பிடலாம்."

"எதுக்கு சார்? தரை நன்னாருக்கே" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியேறினார்.

மல்லிகா அந்த டைல்ஸைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். "தொடச்சி நிமிர்றதுக்குள்ள காஞ்சிடுது சார். இன்னா தரை அது! மாமா நாற்காலில குந்திக்கினு சொவத்தயே பாத்துக்கினு கீது. சோறும் பாதிதான் துன்னுது."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மகன்மேலா, டைல்ஸ்மேலா, அந்தப் பாழாய்ப்போன கொள்கைமேலா என்று தெரியவில்லை. காரணம் இல்லாமல் வரமாட்டேன் என்கிற மனிதருக்கு எங்கே போய்க் காரணம் வாங்கிவருவது?

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை காலை மல்லிகா என் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போய் நில்லு சார். தரை ஈரமா கீது."

வழக்கம்போல வாசலுக்கு வெளியே போய் நின்றேன். எதிரே மூன்றாம் மாடிக்குப் போகிற படிக்கட்டு. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "மல்லிகா, இது காய எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் என்னைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பக்கெட்டைச் சாய்த்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஹாலில் ஊற்றினாள்.

"இன்னிக்கிக் காயாது சார். நீ போ."

எட்டிக் கட்டிலிலிருந்த தலையணையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மணி அடித்ததும் மாமா வந்து கதவைத் திறந்தார். நாலு நாள் தாடி. என் கையில் இருந்த தலையணையைப் பார்த்தார்.

"மாமா, எங்க வீட்ல தரை காயல. கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?"

"மொசைக்கா?" என்றார்.

"மொசைக்தான்."

"மழை வேற. லேசுல காயாது சார்." தாடியைத் தடவிக்கொண்டார். "ரெண்டு நாளாவது ஆகும்."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, குனிந்து, பழைய அட்டைப்பெட்டியை என் பக்கமாக நகர்த்தினார். டைல்ஸுக்கு இது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருடமாகப் போடாமல் தப்பித்துவந்த கம்பளிக் காலுறையை, வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டேன்.